டிஸ்க்கைத் தின்ற மண் எது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு எனக் கரிசல் பூமியில் பதினைந்து இருபது வருடம் ஓடிய மோட்டார் சைக்கிளின் முன் சக்கர டிஸ்க்கில் விரல் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்தால் வரிவரியாகத் தட்டும். விளிம்பில் மட்டும் தேயாத ஓர் உதடு எழும்பி நிற்கும். இதற்குக் காரணம் கேட்டால் பட்டறைகளில் பெரும்பாலும் கரிசல் மண்ணைத்தான் கை காட்டுவார்கள். ஐப்பசி மழையில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாமல் செய்யும் மண் அது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்து, புழுதியாகக் கிளம்பி, கண்ணில் மூக்கில் ஏறும் மண்ணும் அதுவே. பழி போடத் தோதான மண்தான். ஆனால் கனிமங்களின் கடினத்தன்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது. டிஸ்க்கை அறுத்தது கரிசல் களி இல்லை. அறுக்கிற பொருளைக் கொண்டுவந்து சேர்த்து, போகவிடாமல் பிடித்து வைத்ததுதான் அதன் வேலை. இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. தேய்ந்த டிஸ்க்கைக் கழற்றிப் புது டிஸ்க் போடும்போது கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும், எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர் அதைத் தின்ற பொருளை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

டிஸ்க் பிரேக் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு வந்து கால் நூற்றாண்டுதான் ஆகிறது. பிரிட்டனில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காருக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டைகள் தட்டில் உரசி எழுப்பிய கிறீச்சொலியை யாராலும் தாங்க முடியவில்லை. இரு சக்கர வாகனத்தில் 1962-ல் லாம்பிரெட்டா ஸ்கூட்டரும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வடிவில் 1969-ல் ஹோண்டா சிபி 750-யும் இதைப் பரவலாக்கின. நம் ஊரில் 1980-களில் சென்னை என்ஃபீல்டின் ஃபியூரி 175 டிஸ்க்குடன் வந்தது, நிலைக்கவில்லை. 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல் பஜாஜ் பல்சர் வந்த பிறகுதான் 240 மி.மீ. விட்டமுள்ள முன் டிஸ்க் சாதாரண மனிதர் ஓட்டும் வண்டியில் இடம்பிடித்தது. காரில் இந்தத் தட்டு வார்ப்பிரும்பு. மோட்டார் சைக்கிளில் அது வெளியே தெரிகிறது, மழையில் நனைகிறது, துருப்பிடித்தால் அசிங்கமாகத் தெரியும். அதனால் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் சேர்த்து, சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினப்படுத்திய எஃகில் செய்கிறார்கள். இந்த வகை வண்டிகளில் புதிதில் அதன் தடிமன் பொதுவாக 4 மி.மீ. எதுவரை தேயலாம் என்ற எண்ணை டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். பல வண்டிகளில் அது 3.5 மி.மீ. அளவில் இருக்கும். ஆக, வாழ்நாள் முழுக்கத் தேய அனுமதி அரை மில்லிமீட்டர்தான், பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்.

இனி குற்றவாளியைத் தேடலாம். ஒரு பொருளை இன்னொரு பொருள் கீற வேண்டுமானால் கீறுவது அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கரிசல் மண்ணின் குணத்துக்குக் காரணமான களிக் கனிமம் மான்ட்மோரிலோனைட். நீரைக் குடித்து உப்புவதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் இதன் வேலை. இதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவானது. மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 1-லிருந்து 2 வரை, விரல் நகத்தாலேயே கீறிவிடலாம். ஈரமாக இருந்தால் வழுக்கவே செய்யும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பெண்டோனைட் களியை ஆழ்துளை தோண்டும்போது உராய்வைக் குறைப்பதற்காகவும் ஊற்றுகிறார்கள். எஃகை அறுக்கும் தெம்பு இதற்கு இல்லை. கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான் கல் மீதும் சந்தேகம் எழலாம். அது கால்சியம் கார்பனேட், மோஸ் அளவில் 3. விக்கர்ஸ் அளவுகோலில் சொன்னால் அதன் கடினம் 150-ஐ ஒட்டி வரும். டிஸ்க் எஃகோ அதே அளவில் 350 வரை இருக்கும். சுக்கான் கல் டிஸ்க்கில் பட்டால் நொறுங்குவது சுக்கான் கல்தான். குவார்ட்ஸ் என்கிற படிகக் கல்லின் எண் 1,000-ஐத் தாண்டுகிறது, ஃபெல்ஸ்பார் 700-ஐ ஒட்டி நிற்கிறது. மணலில் மினுங்கும் பொடிக்கல்லில் பெரும்பகுதி இந்த இரண்டுதான். ஆக, டிஸ்க்கை வெட்டக்கூடிய ஆயுதம் மணல்.

அந்த மணல் கரிசல் காட்டுக்கு எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைக் குழம்புப் பாறை மக்கி உண்டானது. தென் தமிழ்நாட்டுக் கரிசலுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் பட்டைப் பாறை. அதில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்திருக்கின்றன. பாறை மக்கிக் களியானபோது மக்காமல் தங்கியது குவார்ட்ஸ். அதனால் நம் கரிசலில் மணல் இயல்பாகவே கலந்து கிடக்கிறது. அதற்கு மேல் மனிதர் கொண்டுவந்து கொட்டியது வேறு: ரோடு போட்ட ஜல்லி, கிரஷர் தூசி, எம் சாண்ட் லாரிகளிலிருந்து சிந்தியது. நான்கு வழிச்சாலையின் ஓரத்தில், டயர் படாத அந்த ஓரடி அகலத்தில், இவை வரிசையாகப் படிந்து கிடக்கும். லாரிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும் மோட்டார் சைக்கிள் ஓடுவது அதன் மேல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை அடிக்கும் காற்று மீதி வேலையைப் பார்க்கிறது. காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்ததற்குக் காரணமான காற்று அது. மின்சாரத்தோடு புழுதியையும் கிளப்பும்.

ஒரு மறுப்பு உடனே வரும். மணல்தான் குற்றவாளி என்றால் கடற்கரை ஊர்களிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் டிஸ்க் இன்னும் வேகமாகத் தேய வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ந்த மணல் டிஸ்க்கில் விழுந்தால் பெரும்பாலும் சுழற்சியில் தெறித்துப் போய்விடும். டிஸ்க்கில் துளைகள் போட்டிருப்பதற்கு ஒரு காரணமே நீரும் தூசியும் வெளியேற வேண்டும் என்பதுதான். கரிசல் களி இங்கேதான் கூட்டுச் சேருகிறது. ஈரத்தில் அது பசை, காய்ந்தால் செங்கல். துளைகளை அடைத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் இடுக்குகளில் ஒட்டி, மணல் துகள்களைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் வேலை செய்கிற எந்த மெக்கானிக்கின் அலமாரியிலும் வால்வை இருக்கையில் படிய வைக்கத் தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட் டப்பா இருக்கும். அறுக்கும் தூளைக் குழைவான பொருளில் பிசைந்தது அது. காலிபருக்குள் இருந்து டிஸ்க்கை அழுத்தும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கரிசல் சகதி போய்ச் சேரும்போது உண்டாவது ஏறக்குறைய அதே சரக்கு. இதற்குச் சாட்சி டிஸ்க்கிலேயே இருக்கிறது. துகள் உருண்டு உருண்டு போயிருந்தால் சின்னச் சின்னக் குழிகள் சிதறிக் கிடக்கும். நாம் பார்ப்பதோ முழு வட்டமாக, அறுபடாமல் ஓடும் கோடுகள். அப்படியானால் துகள் ஓரிடத்தில் நிலையாக நின்று, டிஸ்க் அதன் அடியில் சுழன்றிருக்கிறது. அது நின்ற இடம் பேட். பிசினில் நார்களைக் கலந்து அழுத்திய பேட் டிஸ்க்கைவிட மிருதுவானது, எனவே மணல் அதில் ஏறிக் குந்திக்கொள்கிறது. பேட் கவசம் பூண்டதுபோல் தப்பிக்க, கடினமான டிஸ்க் அறுபடுகிறது. மிருதுவானது கடினமானதைத் தின்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் வைரத்தையும் கண்ணாடி வில்லையையும் மெருகேற்றுகிறவர்கள் மிருதுவான தட்டில் தூளைப் பதித்துத்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

களியின் இரண்டாவது குற்றம் இன்னும் பெரியது, அது நடப்பது காலிபருக்குள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள, பின்களில் வழுக்கி நகரும் காலிபர். லீவரைப் பிடித்தால் பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிபர் முழுவதுமாக நகர்ந்து மறுபக்கத்துப் பேடையும் இழுத்து அழுத்தும். லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அழுத்தத்தில் சற்றே முறுக்கிக்கொண்டு, அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூட இழுத்துக்கொள்கிறது. அந்தப் பின்வாங்கல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டில் பிஸ்டன் மேல் காய்ந்த களி ஒரு வளையம் கட்டிவிட்டால் சீலால் இழுக்க முடியாது. பின்களைக் காக்கும் ரப்பர் உறை கிழிந்து உள்ளே சகதி போய்விட்டால் காலிபர் நகராது. இரண்டில் எது நடந்தாலும் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே போகும். மணல் பதிந்த பேட், பிரேக் பிடிக்காத நேரத்திலும் விடாமல் உரசினால் கால் மில்லிமீட்டர் எத்தனை நாளைக்கு வரும்? சர்வீஸ் ஸ்டேஷனில் அதிக அழுத்தத்தில் காலிபரை நோக்கித் தண்ணீர் பீய்ச்சுவதும் இதற்கு உதவி செய்கிறது. வெளியே இருந்த சகதி ரப்பர் உறையைத் தாண்டி உள்ளே போகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. பேட் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்து, மறுபக்கம் கனமாக இருந்தால் பின் இறுகிவிட்டது என்று பொருள். ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்திருந்தால் காலிபர் சாய்ந்து நிற்கிறது. டிஸ்க்கின் ஒரு முகம் மட்டும் அறுபட்டிருந்தாலும் இதே கதைதான்.

சரி, டிஸ்க் மெலிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. வண்டி நிற்கத்தானே செய்கிறது? இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிரேக் விசை டிஸ்க்கின் தடிமனைப் பொறுத்ததல்ல. பேடின் உராய்வும், அழுத்தமும், டிஸ்க்கின் ஆரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டிஸ்க்கும் பஜாருக்குள் முப்பதில் போகும் வண்டியை ஒழுங்காக நிறுத்தும். ஆளை ஏமாற்றுவதும் இதுதான். தடிமன் எதற்கென்றால் வெப்பத்தை வாங்கிக்கொள்வதற்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் பின்னால் இரண்டு யூரியா மூட்டைகளும் சேர்ந்து சுமார் 300 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 42 கிலோ ஜூல். 80 கி.மீ. வேகத்தில் 74 கிலோ ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இதில் மூன்றில் இரண்டு பங்கை முன் பிரேக் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 மி.மீ. டிஸ்க்கில் பேட் உரசும் வளையத்தின் எடை, துளைகள் போக, 600 கிராம் அளவில் வரும். எஃகின் வெப்ப ஏற்பைக் கொண்டு பார்த்தால் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை அழுத்தி நிறுத்தினாலே புது டிஸ்க் சுமார் 180 டிகிரி சூடேறும். அதே டிஸ்க் மூன்று மில்லிமீட்டராக மெலிந்திருந்தால் ஏறுவது 240 டிகிரி. சித்திரை வெயிலில் தொடக்கமே 40 டிகிரி. இது ஒரு முறைக்கு. நெடுஞ்சாலையில் லாரி குறுக்கிட்டு, அடுத்து மாடு குறுக்கிட்டு, ஆறவிடாமல் இரண்டாவது முறை பிடித்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த வெப்பம் பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது. புது டாட் 3 ஆயில் கொதிக்கும் நிலை குறைந்தது 205 டிகிரி என்று விதி இருக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானதும் அது 140 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை வந்தும் பிரேக் பிடிக்காது. பஜாரில் வராத இந்தக் கோளாறு சாத்தூர்ச் சாலையில் வேகமாகப் போகும்போது வரும்.

மெலிவு தரும் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. டிஸ்க்கும் பேடும் சேர்ந்து தேயும்போது பிஸ்டன் வழக்கத்தைவிட வெளியே வந்து நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படியும் களி, புது பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சீலைக் கீறிக்கொண்டு போகும். சூடேறி ஆறுவது திரும்பத் திரும்ப நடந்தால் துளைகளின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகளும் விடலாம். வெடிப்பு தெரிந்த டிஸ்க்கைத் தடிமன் பார்க்காமலேயே தூக்கிப் போட வேண்டும்.

கோவில்பட்டி இயந்திரக் கைவேலை தெரிந்த ஊர். நூற்பாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் வளர்த்துவிட்ட லேத் பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அதனால் எழும் மறுப்பு இது: புது டிஸ்க் எதற்கு, லேத்தில் கொடுத்து ஒரு வெட்டு வாங்கிவிட்டால் கோடெல்லாம் போய்விடுமே? காரின் வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு இது நடைமுறையில் உள்ள வைத்தியம்தான். அந்தத் தட்டு இதைப்போல் பல மடங்கு தடிமன், வெட்டிக் கொடுக்க அதில் சதை இருக்கிறது. நம்முடையதில் மொத்தச் சதையே அரை மில்லிமீட்டர். பாதி தேய்ந்த டிஸ்க்கில் பக்கத்துக்கு ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தாலும் மிஞ்சியதில் பெரும்பகுதி போய்விடும், கோடு ஆழமாக இருந்தால் எல்லைக்குக் கீழேயே இறங்கிவிடும். தவிர, 4 மி.மீ. தகட்டை நடுவில் பிடித்து விளிம்பில் உளியை வைத்தால் தகடு வளைந்து கொடுக்கும், அதிரும், கடினப்படுத்திய எஃகு உளியைத் திருப்பித் தள்ளும். வெட்டி முடித்த டிஸ்க் கண்ணுக்குப் பளபளப்பாக இருக்கும், ஆனால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரக்கூடும். சுற்றி வருகையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபாடு இருந்தாலே லீவர் விரலில் துடிக்கத் தொடங்கும். லேசான கோடுகள், தடிமன் எல்லைக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவதே மேல். புது பேட் அந்தக் கோடுகளுக்கு ஏற்பப் படிந்துகொள்ளும்.

லேத் பட்டறையில் வேறொரு உதவி கிடைக்கும். மைக்ரோமீட்டர் அங்கே இருக்கும். வாகனப் பட்டறையில் கிடைப்பது பெரும்பாலும் வெர்னியர், அதைத் தேய்ந்த டிஸ்க்கின் மேல் வைத்தால் அதன் தாடைகள் விளிம்பில் தேயாமல் நிற்கும் உதட்டில்தான் உட்காரும். உள்ளே 3.2 ஆகிவிட்ட டிஸ்க்குக்குக்கூட 3.9 என்று சொல்லும். அளவு கருவியால் அளந்தோம் என்ற தைரியத்தில் தேய்ந்த டிஸ்க்கைத் தொடர்ந்து ஓட்டுவது அளக்காமல் ஓட்டுவதைவிட மோசம். மைக்ரோமீட்டர் கிடைக்காத இடத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இருபக்கமும் உதட்டுக்கு உள்ளே தள்ளி வைத்து, வெர்னியரால் மூன்றையும் சேர்த்துப் பிடித்து அளந்து, பிறகு நாணயங்களை மட்டும் அளந்து கழித்துவிட வேண்டும். ஓரிடத்தில் அளந்தால் போதாது, சுற்றிலும் ஐந்தாறு இடங்களில் அளந்து மிகக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டிஸ்க் கோணியிருக்கிறதா என்பதற்கு டயல் கேஜ் வேண்டும். கம்பெனிகள் அனுமதிக்கும் ஆட்டம் வண்டிக்கு வண்டி மாறினாலும் 0.1 மி.மீ. முதல் 0.3 மி.மீ.க்குள் அடங்கும். டிஸ்க் ஆடுகிறது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து அசைத்துப் பார்ப்பது நல்லது. பேரிங் போன சக்கரத்தில் நல்ல டிஸ்க்கும் ஆடும்.

செலவைப் பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓட்டும் வண்டிக்கு விற்றால் கிடைக்கும் காசே சொற்பம். அதற்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்து டிஸ்க், அதோடு பேட், ரப்பர் கிட், ஆயில் என்று போடுவது தகுமா? பின் பிரேக்கை வைத்தே ஓட்டிவிடலாமே? முன் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்ற பயமும் இதற்குத் துணை நிற்கிறது. அந்தப் பயத்தில் உண்மை உண்டு, ஆனால் அது சாலையைப் பொறுத்தது. பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது எவ்வளவு கடுமையாக நிறுத்த முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஈரக் கரிசலிலோ மணல் படிந்த ஓரத்திலோ டயருக்குப் பிடிமானமே குறைவு, எடை அதிகம் மாறாது. முன் சக்கரம் பாதிக்குச் சற்று மேல் சுமக்கும், அழுத்திப் பிடித்தால் உடனே இழுத்துக்கொண்டு போய்விடும். காட்டுப் பாதையில் பின் பிரேக்கை நம்புகிற பழக்கம் தவறில்லை. காய்ந்த தார்ச் சாலையில் கதை மாறுகிறது. 1.3 மீட்டர் சக்கர இடைவெளியும் சுமார் 0.6 மீட்டர் உயரத்தில் எடை மையமும் கொண்ட வண்டியில், பலமாக நிறுத்தும்போது முக்கால் பங்கு எடை முன்னால் வந்துவிடும். அப்போது பின் சக்கரத்தில் பிடிப்பதற்கு என்ன மிச்சம்? இரண்டு யூரியா மூட்டை பின்னால் இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு முன்னால்தான் இருக்கும். மேலும் 125 சிசி-க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஓட்டுகிறவரின் விரல் உணர்வு ஒன்றுதான். துடிக்கும், இறுகும், ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் விடும் டிஸ்க் அந்த உணர்வைக் குழப்பிவிடும். வண்டியின் மறுவிற்பனை விலையோடு டிஸ்க்கின் விலையை ஒப்பிடுவதே பிழையான கணக்கு. பழைய வண்டிக்குப் போடக்கூடாத செலவுகள் நிறைய உண்டு, பெயிண்ட் ஒன்று, ஸ்டிக்கர் ஒன்று. முன் பிரேக் அந்தப் பட்டியலில் வராது.

மாற்றும் வேலையில் அறிவியல் ஒளிந்திருக்கும் இடம் ஹப் முகம். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஆலன் போல்டுகளின் குழியில் காய்ந்த களி இறுகியிருக்கும். அதை ஊசியால் நோண்டி எடுக்காமல் சாவியைப் போட்டால் சாவி அரைகுறையாக உட்கார்ந்து போல்டின் தலையை வழித்துவிடும். போல்டின் மரையில் கம்பெனி பூசிய பசை இருக்கும், கொஞ்சம் சூடு காட்டினால் இளகும். டிஸ்க் கழன்றதும் அது உட்கார்ந்திருந்த முகத்தைத் துருவும் களியும் இல்லாமல் உலோகம் தெரியச் சுத்தம் செய்ய வேண்டும். போல்டு வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் 0.1 மி.மீ. களிப் பொருக்கு மாட்டிக்கொண்டாலும் 240 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அது 0.24 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். புது டிஸ்க் வாங்கிப் போட்டும் ஜெர்க் அடிக்கிறது என்ற புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் இந்தப் பொருக்குதான், கடைக்காரர் இல்லை. போல்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். காலிபரை ஆயில் டியூபில் தொங்கவிடாமல் ஒரு கம்பியில் கட்டி வைப்பது நல்லது. பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்து, சீலும் பின் உறைகளும் புதிதாகப் போடுவதுதான் இந்த வேலையின் பாதி. சுத்தம் செய்ய டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவதும், பின்களில் சாதாரண கிரீஸ் தடவுவதும் பட்டறைகளில் காணும் பழக்கம். பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் இந்தப் பெட்ரோலிய எண்ணெய்களில் ஊறினால் உப்பிவிடும், உப்பிய சீல் பிஸ்டனை விடாது. எந்தத் தொல்லைக்காகக் கழற்றினோமோ அதை நாமே உண்டாக்கியதாகிவிடும். சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப் போதும். பேடும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பழைய பேட் எவ்வளவு கனமாக மிச்சமிருந்தாலும் அதில் பதிந்திருக்கும் மணல் புது டிஸ்க்கில் அன்றைக்கே கோடு போட ஆரம்பித்துவிடும்.

நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் உலோகத்தூள் மிகுந்த பேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பேட் தேயாமல் இருந்தால் தேய்வது எது? சில நூறு ரூபாய் சாமானைக் காப்பாற்ற ஆயிரம் ரூபாய் சாமானைக் கொடுப்பது லாபமில்லை. புழுதி ஊரில் பேட் சற்று மிருதுவாகவும் சீக்கிரம் மாற்றக்கூடியதாகவும் இருப்பதே சிக்கனம், அடியில் உள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடும் வரை விடாமல் இருந்தால். டிஸ்க்கிலும் பழைய மாடல்களுக்குக் கம்பெனி சாமான் கிடைக்காமல் போகும்போது வேறு வண்டியின் டிஸ்க்கைப் பொருத்தப் பார்ப்பார்கள். விட்டமும் போல்டு துளைகளும் ஒத்திருப்பது மட்டும் போதாது. நடுப்பகுதிக்கும் உரசும் வளையத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் காலிபர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். வெளிச்சந்தை டிஸ்க்காக இருந்தால் வாங்கும் இடத்திலேயே தடிமனை அளந்து, குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். கடினப்படுத்தாத எஃகைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதன் ஓரத்தில் நல்ல அரத்தை வைத்து லேசாக இழுத்தால் வெண்ணெய்போல் கடிபட்டால் சந்தேகப்படலாம்.

புது டிஸ்க்கின் மேல் துருவைத் தடுக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை தின்னர் போன்ற, படிவு விடாத திரவத்தால் துடைத்துவிட்டு, பழைய பிரேக் ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிது ஊற்றி ஏர் எடுத்த பிறகும் பிரேக் முதல் நாளில் மந்தமாகவே இருக்கும். பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று முழுப்பரப்பில் தொட, நடுத்தர வேகத்திலிருந்து இதமாகப் பல முறை பிடித்து விட்டு ஆறவிட வேண்டும். அதற்குள் நான்கு வழிச்சாலையில் ஏறி அழுத்திப் பிடித்தால் பேடின் மேல்தோல் கருகிக் கண்ணாடியாகிவிடும். அதன் பிறகு பராமரிப்பு என்பது பெரும்பாலும் பருவத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலிபருக்குள் போன சகதி ஈரமாக இருக்கும் வரை மெல்லிய நீரோட்டத்தில் கழுவினாலே கரைந்து போகும், அன்றன்றைக்கே கழுவிவிட வேண்டும். தப்பியது மார்கழி, தையில் காய்ந்து இறுகும். அறுவடைச் சுமை ஏறத் தொடங்குவதும் காற்று கிளம்புவதும் அதற்குப் பிறகுதான். எனவே காலிபரைக் கழற்றிப் பின்களைத் துடைத்து, பேடுகளை வெளியே எடுத்துப் பார்க்க மாசி மாதம் தோதானது. பேடின் முகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பதிந்திருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் மினுங்கும். கரடான தாளில் நான்கைந்து முறை தேய்த்தால் அவை உதிர்ந்துவிடும், உதிராத அளவுக்கு ஆழமாக இறங்கியிருந்தால் பேடை மாற்றிவிடலாம்.